மதர்போர்டை மாற்றியதாகச் சொல்லி 9,800 ரூபாய் வாங்கினார்கள்

கோவையில் மடிக்கணினியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் வரிக்கணக்கு எழுதுபவள். மாதாமாதம் 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்-3பி என்ற மாதாந்திர ஜி.எஸ்.டி. கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். போன மாதம் 17-ஆம் தேதி காலை கணினியின் பொத்தானை அழுத்தினேன். விசிறி ஒரு நொடி சுழன்று நின்றது. திரையில் ஒன்றுமே வரவில்லை. கேப்ஸ் லாக் விளக்கு மட்டும் விட்டுவிட்டு மின்னியது. பதினான்கு வாடிக்கையாளர்களின் கணக்கு உள்ளே இருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் அந்த வாரம் ஊரில் இல்லை. அதனால் பெரிய பெயர்ப்பலகை வைத்திருந்த ஒரு கடைக்கு ஓடினேன். அங்கிருந்த இளைஞர் கணினியை உள்ளே எடுத்துப் போனார், பத்தே நிமிடத்தில் திரும்பினார். "மதர்போர்டு போய்விட்டது அக்கா. மாற்றினால்தான் உண்டு. 12,000 ஆகும்." பேசிப் பேசி 9,800-க்கு இறங்கினார். விசிட்டிங் கார்டின் பின்புறம் என் பெயரையும் தொகையையும் எழுதிக் கொடுத்தார். கடவுச்சொல் கேட்டார், அதையும் சொன்னேன். என் வாடிக்கையாளர்களின் பான் எண், வங்கி விவரம் எல்லாம் அந்தக் கணினிக்குள் இருப்பதை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

19-ஆம் தேதி மாலை கணினி உயிரோடு வந்தது. பில் கேட்டேன். பில் போட்டால் 18 சதவீதம் கூடும் என்றார்கள். பழைய போர்டைக் கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் போய்விட்டதாம். மறுநாள் தாக்கலை நினைத்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தாக்கல் முடிந்த பிறகுதான் கவனித்தேன். இரண்டு எக்செல் கோப்பைத் திறந்தாலே கணினி திணறியது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் மெமரி, அதாவது ராம், 8 ஜி.பி. நான் வாங்கியது 16 ஜி.பி., எட்டும் எட்டுமாக இரண்டு துண்டு. வாங்கிய ரசீதில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது.

அப்போதுதான் இன்னொன்று உறைத்தது. என் கணினியில் உள்ள கோப்புகளுக்கு பிட்லாக்கர் என்ற விண்டோஸ் பூட்டு போட்டிருக்கிறேன். அது, பூட்டின் சாவியைக் காக்கும் டி.பி.எம். என்ற மதர்போர்டு சிப்போடு பிணைந்தது. போர்டை மாற்றினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கொடுக்காமல் விண்டோஸ் திறக்காது. முன்கூட்டியே பூட்டை நிறுத்தி வைத்திருக்கலாமே என்றால், திரையே வராத கணினியில் அதை எப்படிச் செய்வது? மீட்பு எண் என் வீட்டு டைரியில் இருக்கிறது. கடையில் யாரும் அதைக் கேட்கவில்லை. கணினியும் கேட்கவில்லை. அப்படியென்றால் எந்தப் போர்டை மாற்றினார்கள்?

ஊர் திரும்பிய மெக்கானிக் அண்ணனிடம் எடுத்துப் போனேன். இரண்டு வருடங்களுக்கு முன் இதன் மேல் தேநீர் கொட்டியபோது சுத்தம் செய்தவர் அவர்தான். அன்று போர்டைப் படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அடிமூடியைக் கழற்றி அந்தப் படத்தை அருகில் வைத்தோம். விசிறி ஓரத்தில் அதே பிறை வடிவப் பழுப்புக் கறை. அதன் பக்கத்துத் திருகில் அதே பச்சைக் களிம்பு. இரண்டு ராம் இடங்களில் ஒன்று காலி.

அவர் பேட்டரி இணைப்பைப் பிடுங்கிவிட்டு, மிச்சமிருந்த ராமை எடுத்து, அதன் தங்கநிற முனையை வெள்ளை அழிப்பானால் தேய்த்தார். அழிப்பானில் கறுப்பாக ஒட்டியது. தன்னிடமிருந்த 8 ஜி.பி. துண்டைக் காலி இடத்தில் செருகினார். 16 காட்டியது. "அந்தக் கேப்ஸ் லாக் விளக்கு மின்னுகிற எண்ணிக்கையே என்ன பழுது என்று சொல்லும் அம்மா. உன் மாடலுக்கு அது ராம். கம்பெனி இணையதளத்திலேயே போட்டிருக்கிறான்" என்றார். கூலி 300 ரூபாய்.

உங்கள் கணினி இப்படி நின்றால், சார்ஜரையும் யு.எஸ்.பி.யில் செருகியிருப்பவற்றையும் எடுத்துவிட்டு, பவர் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மட்டும் செருகிப் பாருங்கள். விசிறி ஓடியும் திரை இருட்டாக இருந்தால் எச்.டி.எம்.ஐ. கம்பியால் டிவியில் இணையுங்கள். அங்கே படம் வந்தால் பழுது திரைப் பக்கம்தான். அதற்கும் மசியாவிட்டால் கடைக்குப் போங்கள். ஆனால் ராம், எஸ்.எஸ்.டி. (கோப்புகளைச் சேமிக்கும் பாகம்) இரண்டின் அளவையும் வரிசை எண்ணையும் வேலைச் சீட்டில் எழுதி வாங்காமல் கணினியைக் கொடுக்காதீர்கள். கடவுச்சொல்லைச் சொல்லவே சொல்லாதீர்கள். திரை வருகிறதா என்று பார்க்க அது தேவையில்லை.

படத்தோடு கடைக்குப் போய்க் கேட்டேன். "நீங்கள் கொண்டுவந்தபோதே 8 தான் இருந்தது" என்றார் உரிமையாளர். போர்டைப் பற்றிக் கேட்டதும் எழுந்து உள்ளே போய்விட்டார்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். பணம் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்கு உட்பட்டிருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. பில் தராமல் விடுவதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. ஜி-பே ரசீது, அந்த விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப்பில் வந்த படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

அண்மையில் மதர்போர்டை மாற்றியதாகச் சொல்லிப் பணம் கொடுத்தவர்கள் இன்றே டாஸ்க் மேனேஜரைத் திறந்து மெமரி எவ்வளவு என்று பாருங்கள். குறைந்திருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒரே மாதிரி பாதிக்கப்பட்டவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு ஒன்றாக மனு கொடுக்கலாம்.