மழையில் மணி அடித்தவரும் கதவைத் திறந்தவரும்

'பாரசைட்' என்ற தென் கொரியப் படத்தைப் பார்த்தவர்கள் அந்த இரவை மறந்திருக்க மாட்டார்கள். வெளியே கொட்டும் மழை, அழைப்பு மணி, சின்னத் திரையில் நனைந்து வீங்கிய ஒரு முகம். மணி அடிக்கும் பழைய வேலைக்காரி மூன்-குவாங்காக லீ ஜங்-உன். உள்ளே பேந்தப் பேந்த விழித்துவிட்டுக் கதவைத் திறக்கும் புது வேலைக்காரி சுங்-சூக்காக ஜாங் ஹே-ஜின். 2019-இல் உலகமே இந்த இருவரையும் ஒன்றாகத்தான் கண்டுபிடித்தது. ஆனால் அந்த வாசலுக்கு அவர்கள் வந்து சேர்ந்த பாதைகள் நேர் எதிரானவை.

லீ ஜங்-உன் 1970-இல் பிறந்தவர். ஹான்யாங் பல்கலைக்கழகத்தில் நாடகம் படித்து, 1991-இல் மேடை ஏறினார். அப்புறம் இறங்கவே இல்லை. சியோலின் டேஹாங்னோ பகுதி சிறு நாடக அரங்குகளுக்குப் பேர்போனது. அங்கே நடிப்புக்கு மரியாதை உண்டு, வாடகை கொடுக்கும் அளவுக்குப் பணம் கிடைக்காது. நாற்பது வயதுவரை கடைகளில் பகுதிநேர வேலையும் பார்த்துக்கொண்டுதான் நடித்தார். 'ப்பல்லே' என்ற இசை நாடகத்தில் அவர் ஏற்ற வீட்டுக்காரப் பாட்டி வேடம் பேசப்பட்டது. துணி துவைப்பது என்று பொருள்படும் அந்த நாடகமே மேட்டுத்தெரு வாடகைக் குடித்தனங்களைப் பற்றியதுதான்.

ஜாங் ஹே-ஜின் 1975-இல் பூசானில் பிறந்தவர். கொரிய தேசிய கலைப் பல்கலைக்கழக நாடகப் பிரிவின் முதல் அணி மாணவி. நடிகர் லீ சுன்-கியூன் அவருடைய வகுப்புத் தோழர். 'பாரசைட்'டில் அந்தத் தோழர் முதலாளி, இவர் சமையல்காரி! இவ்வளவு நல்ல தொடக்கம் இருந்தும், தனக்கு நடிப்பு வரவில்லை என்று முடிவுகட்டி ஊருக்குத் திரும்பி, கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் வேறு வேலை பார்த்தார். மார்ட்டில் நின்று பொருள் விற்றதும் அப்போதுதான். 'பாரசைட்' இயக்குநர் போங் ஜூன்-ஹோ, தன் முந்தைய படமான 'மெமரிஸ் ஆஃப் மர்டர்' எடுத்த காலத்தில் தேடியபோதும் அவர் போகவில்லை. இயக்குநர் லீ சாங்-டாங்கின் 'சீக்ரெட் சன்ஷைன்' (2007) படம் வழியாகத்தான் திரும்பி வந்தார்.

ஆக, இருவருமே கடையில் நின்றவர்கள். ஒருவர் நடிப்பை விடாமல் இருப்பதற்காக நின்றார், மற்றவர் விட்டுவிட்டு நின்றார்.

இந்த வேறுபாடு திரையில் தெரிகிறதா? எனக்குத் தெரிகிறது. லீயிடம் முதலில் கவனிக்க வேண்டியது குரல். போங்கின் 'ஓக்ஜா' (2017) படத்தில் கதையின் மையமான ராட்சதப் பன்றிக்குக் குரல் கொடுத்தவரே அவர்தான். 'பாரசைட்'டில் வட கொரியச் செய்தி வாசிப்பாளரைப் போல முழங்கும் இடத்தில், சிரிக்க வைத்துக்கொண்டே வயிற்றைக் கலக்குகிறார். அரங்கின் கடைசி வரிசைவரை கேட்கும்படி பேசிப் பழகியவருக்கே வரும் துல்லியம் அது.

ஜாங் அப்படி எதையும் காட்டுவதில்லை. சுங்-சூக் ஒரு முன்னாள் சம்மட்டி எறிதல் வீராங்கனை. அதற்காக 15 கிலோ எடை கூட்டினார். உட்காரும்போதும் சாப்பிடும்போதும் அந்த உடம்பு மட்டும் போதும், வசனம் வேண்டியதில்லை. 'தி வேர்ல்ட் ஆஃப் அஸ்' (2016) படத்தில் சிறுமியின் அம்மாவாக வருவதையும் பாருங்கள். நடிக்கிறார் என்றே தோன்றாது.

'பாரசைட்'டுக்குப் பிறகு, ஜாங் 'கிராஷ் லேண்டிங் ஆன் யூ' தொடரில் பியோங்யாங் பணக்கார அம்மாவாகக் கலக்கினார். லீ 'அவர் ப்ளூஸ்' (2022) தொடரில் ஜெஜு தீவின் மீன்கடைக்காரியாக, ஏறக்குறைய கதாநாயகியாகவே வந்தார். அதே ஆண்டு வெளியான 'ஹோமாஜ்' முழுக்க அவர் தோளில் நிற்கும் படம்.

ஒருவரைத்தான் சொல்ல வேண்டும் என்றால் நான் லீ பக்கம். வீச்சு அவருக்கே அதிகம். கொரியத் திரைப்பட விருது விழாவான ப்ளூ டிராகனில், 2019-இல் துணை நடிகை விருது வாங்கும்போது, வெளிச்சம் தாமதமாக வந்தது என்று பலர் சொல்வதை அவர் ஏற்கவில்லை. இந்த முகமும் உடம்பும் அமைய இவ்வளவு காலம் தேவைப்பட்டது என்றார்.

ஆனால் அந்த மழை இரவுக் காட்சியை மறுபடி போட்டால் என் கண் ஜாங் மீதுதான் போகிறது. கதவைத் திறப்பதா வேண்டாமா என்று அவர் தடுமாறும் அந்தச் சில நொடிகள் இல்லையென்றால், வெளியே நிற்பவரைப் பார்த்து நமக்குப் பயமே வந்திருக்காது.