கண்டியில இருக்கிற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் ஸ்கொலர்ஷிப் ஏஜென்சி, ஓட்டக்கார புள்ளைங்களுக்கு எடுக்கலாமா? 5க்கு 3

முதல்லயே சொல்லிடுறேன், சின்ன பேக்கேஜ் எடுக்கலாம், பெரிய பேக்கேஜ் பக்கம் போகாதீங்க. அண்ணன் மகளுக்காக போனோம். புள்ள 1500ம் 3000ம் ஓடுது, தலவாக்கலை பக்கம் தோட்டத்து ஸ்கூல், சோனல், மாகாணம் எல்லாம் தாண்டி ஆல் ஐலண்ட்ல ஃபைனல் வரைக்கும் ஓடியிருக்கு, மெடல் இல்ல. ஏஜென்சி பேர் போடல, ஏன்னா இதே மாதிரி பேக்கேஜ் விக்கிற இடம் கொழும்புலயும் இருக்கு, நான் எழுதுறது எந்த ஆபீஸ் படி ஏறினாலும் நீங்க கேக்க வேண்டிய விஷயம்.

நம்ம பக்கத்து புள்ளைங்க நல்லா ஓடினா இவ்வளவு நாளும் ஆமி, பொலிஸ், எயார்ஃபோர்ஸ் டீம்னு தான் வழி இருந்துச்சு. அது கெட்ட வழி இல்ல, சம்பளம் வரும், பிரக்டிஸுக்கு நேரம் கிடைக்கும். ஆனா படிக்கவும் ஆசை இருக்கிற புள்ளைக்கு ஓட்டத்தை வச்சே டிகிரி எடுக்க ஒரு வழி இருக்குன்னா அத தேடி போகத்தான் தோணும். வெளிய போறது நமக்கு புதுசும் இல்ல, 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டுல உயரம் பாய்தல்ல தங்கம் எடுத்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் யாழ்ப்பாணத்துல இருந்து போய் லாஸ் ஏஞ்சல்ஸ்ல யூசிஎல்ஏ யுனிவர்சிட்டில படிச்சவர்தான். தருஷி கருணாரத்ன 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல 800 மீட்டர் தங்கம் எடுத்தப்புறம் வலல மாதிரி கண்டி பக்கத்து ஸ்கூல்ல இருந்தும் இப்படி வரலாம்னு எல்லா அப்பா அம்மாவுக்கும் ஒரு நம்பிக்கை வந்துச்சு, அந்த நம்பிக்கையோட சேர்ந்து ஸ்போர்ட்ஸ் மீட்ல நோட்டீஸ் குடுக்கிற ஆளுங்களும் வந்துட்டாங்க.

சின்ன பேக்கேஜ் 75,000 ரூவா. கேக்க கம்மியா தெரியலாம், ஆனா 2024ல தோட்டத்துல நாள் சம்பளம் 1,350 ஆச்சு இல்லியா, அந்த கணக்குல ஒருத்தர் அம்பத்தஞ்சு நாளுக்கு மேல மலை ஏறணும். அதனால இந்த காசுக்கு என்ன கிடைச்சுதுன்னு கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

நல்லது என்னன்னா பேப்பர் வேலை. தமிழ் மீடியம் புள்ளைக்கு இது பெரிய தலையிடி. பரீட்சை திணைக்களத்துல இருந்து ஓ.எல். ரிசல்ட்ஸ இங்கிலீஷ்ல எடுக்கிறது, பர்த் சேர்டிஃபிகேட்ட சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர்கிட்ட குடுத்து எடுக்கிறது, ஸ்கூல் லீவிங்ல பேரோட எழுத்து பாஸ்போர்ட்ல இருக்கிற மாதிரியே இருக்கான்னு பாக்கிறது, எல்லாத்தையும் வரிசையா செஞ்சு குடுத்தாங்க. அங்க இருக்கிற ஒரு மிஸ் அண்ணிய பக்கத்துல உக்கார வச்சு புள்ள எங்க தங்கும், என்ன சாப்பிடும், காய்ச்சல் வந்தா யாரு பாப்பாங்க, லீவுக்கு வர முடியுமான்னு தமிழ்லயே அவ்வளவு பொறுமையா சொன்னாங்க. அண்ணி அதுவரைக்கும் வேணவே வேணாம்னு தான் இருந்தாங்க. அந்த மிஸ்ஸுக்கு மட்டும்னா 5க்கு 5.

வீடியோ வேஸ்ட். ட்ரோன் எல்லாம் பறக்க விட்டு நுவரெலியால மூடுபனிக்கு நடுவுல புள்ள ஓடுற மாதிரி அழகா எடுத்தாங்க, பாக்க எங்களுக்கே கண் கலங்குச்சு, ஆனா பதில் போட்ட ஒரு கோச்சும் அத பத்தி ஒரு வார்த்தை கேக்கல. கிரிக்கெட், ஃபுட்போல்னா வீடியோ பாத்து தான் ஆள் எடுக்கணும். ஓட்டத்துக்கு டைம் தான் எல்லாம். எந்த மீட், எந்த கிரவுண்ட், எலக்ட்ரொனிக் டைமிங்கா கையில அமுக்கினதா, ரிசல்ட் ஷீட் எங்க, இவ்வளவு தான் கேக்கிறாங்க. அதனால தோட்டத்து புல்லு கிரவுண்ட்ல ஸ்டொப் வொச்ல எடுத்த டைம் எவ்வளவு நல்லா இருந்தாலும் அத நம்பி மெயில் போடாதீங்க, தியகம, சுகததாஸ மாதிரி பெரிய ஸ்டேடியத்துல ஓடின டைம் ஒண்ணு கட்டாயம் இருக்கணும். மேல மலையில ஓடின டைம்னா அந்த இடத்து உயரத்தையும் சேர்த்து எழுதுங்க, நுவரெலியா 1,868 மீட்டர், அந்த காத்துல 3000 மீட்டர் ஓடுறது கொழும்புல ஓடுற மாதிரி இல்லன்னு கோச்மாருக்கு நல்லா தெரியும்.

அடுத்தது காலேஜ் லிஸ்ட். இங்க தான் எனக்கு கோவம். குடுத்த லிஸ்ட்ல பாதி டிவி‌ல பேர் கேட்ட பெரிய யுனிவர்சிட்டி, டிவிஷன் 1, அதாவது அங்க காலேஜ் ஸ்போர்ட்ஸ நடத்துற என்சிஏஏ அமைப்போட மேல் மட்டம். எல்லாத்துக்கும் ஒரே மெயில், கோச் பேர் கூட இல்லாம ‘மதிப்புக்குரிய கோச்’னு அனுப்பியிருக்காங்க. பதில் வராதுன்னு அவங்களுக்கு தெரியாம இருக்காது. 2025 ஜூன்ல அங்க கோர்ட்ல காலேஜ் ஸ்போர்ட்ஸ் வழக்கு ஒண்ணுல பெரிய செட்டில்மென்ட் முடிஞ்சதுல இருந்து, அதுல சேர்ந்த டிவிஷன் 1 காலேஜ்கள்ல க்ரொஸ் கன்ட்ரி டீமுக்கு (ட்ராக்ல இல்லாம வெளிய புல்லு மேட்டுல ஓடுற தூர ஓட்டம்) 17 பேர்னு ஒரு எல்லை வந்திருக்கு, முன்ன கூட்டமா வச்சிருந்த டீம் எல்லாம் ஆள குறைக்குது, அப்படி வெளிய வர்ற அங்கத்து புள்ளைங்களே சின்ன காலேஜ்களுக்கு தான் இறங்கி வருதுங்க. இந்த நேரத்துல ஆல் ஐலண்ட் ஃபைனலிஸ்ட் ஒரு புள்ளைய டிவிஷன் 1க்கு தள்ளி விடுறது நேரத்தையும் நம்பிக்கையையும் கொல்ற வேலை.

ஆனா சின்ன காலேஜுக்கு நம்ம புள்ள வேணும். அது ஏன்னு அந்த ஆபீஸ்ல யாரும் சொல்லல, நான் தான் வாசிச்சு புரிஞ்சுகிட்டேன், இத நம்ம பிடி சேர்மாருக்கும் சொல்லுங்க. க்ரொஸ் கன்ட்ரில ஒரு டீமுக்கு ஏழு பேர் ஓடலாம், முதல் வர்ற அஞ்சு பேரோட இடத்த கூட்டுறாங்க, முதலாவதா வந்தா 1 பாயிண்ட், இருவதாவதா வந்தா 20, கூட்டுத்தொகை எந்த டீமுக்கு குறைவோ அது தான் ஜெயிக்கும். அப்போ முன்னுக்கு ஓடுற ரெண்டு மூணு பேர் எவ்வளவு நல்லா ஓடினாலும் நாலாவது அஞ்சாவது ஆள் பின்தங்கினா டீம் கவிழ்ந்திடும். ஆயிரத்து சொச்சம் புள்ளைங்க மட்டும் படிக்கிற ஒரு காலேஜ்ல அந்த அஞ்சாவது ஆள் கிடைக்காம தான் கோச்மார் தவிக்கிறாங்க. என்சிஏஏல பொம்பள புள்ளைங்களுக்கு 6 கிலோமீட்டர், ட்ராக் இல்ல, புல்லு, மண்ணு, மேடு பள்ளம். பொறந்ததுல இருந்து லயத்துல இருந்து ஸ்கூலுக்கு மலை ஏறி இறங்கின புள்ளைக்கு இதவிட பொருத்தமான போட்டி எது சொல்லுங்க. ஆகஸ்ட் கடைசில இருந்து நவம்பர் வரைக்கும் இது, அப்புறம் உள்ளரங்கு ட்ராக், அப்புறம் வெளி ட்ராக்னு தூர ஓட்டக்காரங்க வருஷத்துல மூணு சீசனும் ஓடுவாங்க, கோச்சுக்கு ஒரு ஆள எடுத்தா மூணு டீமுக்கு ஆகும்.

அதனால புள்ளையே உக்காந்து மெயில் எழுதிச்சு. அதோட சொந்த இங்கிலீஷ், நான் ஸ்பெல்லிங் மட்டும் பாத்தேன். கோச் பேர், அவங்க டீம் போன சீசன்ல எப்படி ஓடிச்சு, அஞ்சாவது ஆளோட டைம் என்ன, என் டைம் என்ன, என்ன படிக்க ஆசை, வீட்டால எவ்வளவு காசு கட்ட முடியும். இவ்வளவு தான், சின்ன மெயில். புள்ளைங்க கோச்சுக்கு எப்ப வேணும்னாலும் எழுதலாம், கோச் பதில் எழுதத்தான் டிவிஷன பொறுத்து வயசு, வகுப்புன்னு நேர எல்லை இருக்கு. ஏஜென்சி அனுப்பின மெயிலுக்கு வராத பதில் இதுக்கு வந்துச்சு.

மத்திய மேற்கு பக்கத்துல ஒரு சின்ன காலேஜ் கோச், ஆம்பள பொம்பள ரெண்டு டீமும் அவரே பாக்கிறார், வேனும் அவரே ஓட்டுறார், வட்ஸ்அப்ல பேசினார், நமக்கு ராத்திரி ஏழரை, அங்க காலைல ஒம்பது. மெடல் எத்தனைன்னு கேக்கவே இல்ல. கிழமைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுற, எத்தனை வருஷமா ஓடுற, காலு எப்பவாவது வலிச்சு நிப்பாட்டி இருக்கியா, காலைல என்ன சாப்பிடுற, ரத்தத்துல இரும்பு செக் பண்ணி இருக்கியா. அந்த கடைசி கேள்வி எங்கள உலுக்கிருச்சு. தூரம் ஓடுற பொம்பள புள்ளைங்களுக்கு இரும்புச்சத்து குறையிறது ரொம்ப சாதாரணம், நம்ம தோட்டத்துல சோகை எவ்வளவு இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா இத்தனை மீட் ஓடியும் அந்த புள்ளைக்கு ஃபெரிட்டின் டெஸ்ட் (உடம்புல சேமிப்பா இருக்கிற இரும்ப பாக்கிற ரத்த டெஸ்ட்) எடுக்கணும்னு இங்க ஒருத்தரும் சொன்னதில்ல. அடுத்த நாளே அண்ணன் ஹட்டனுக்கு கூட்டிட்டு போய் எடுத்தாரு, குறைவா தான் இருந்துச்சு, இப்ப டொக்டர் குடுத்த மாத்திரை போகுது. அந்த காலேஜ் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அந்த மனுசனுக்கு நன்றி சொல்லணும்.

சரி, பெரிய பேக்கேஜ். முன்பணம் மூணு லட்சம், அதுக்கு மேல கிடைக்கிற ஸ்கொலர்ஷிப்ல பத்து சதவீதம். இத நல்லா கவனிங்க. என்சிஏஏ சட்டத்துல, புள்ளையோட விவரத்த காலேஜ்களுக்கு அனுப்புற வேலைக்கு ஏஜென்சிக்கு காசு குடுக்கலாம், ஆனா புள்ளைய ஸ்கொலர்ஷிப்போட காலேஜ்ல சேர்க்கிறத வச்சு அந்த காசு கணக்கு பண்ணக்கூடாது. அப்படி குடுத்தா புள்ள ஓடுற தகுதியே போகலாம். நாலு வருஷம் விடிய முன்ன எழும்பி பனியில ஓடின புள்ளைக்கு ஒரு கையெழுத்தால அது போகணுமா? நான் கேட்டப்ப ‘எல்லாரும் இப்படித்தான் செய்றாங்க’ன்னு சொன்னாங்க. எல்லாரும் செஞ்சா அத்தனை புள்ளைங்களுக்கும் ஆபத்துன்னு தானே அர்த்தம். ஒப்பந்தத்துல சதவீதம்னு ஒரு வார்த்தை இருந்தா பேனாவ கீழ வச்சிட்டு எழும்பி வாங்க.

காசு விஷயத்துல அவங்க போஸ்டர்ல ‘60% ஸ்கொலர்ஷிப்’னு பெருசா போட்டிருக்கு. வருஷத்துக்கு 50,000 டொலர் கேக்கிற காலேஜ்ல 60 சதவீதம் போனாலும் மிச்சம் 20,000 டொலர், டொலர் 300 ரூவான்னு வச்சாலும் 60 லட்சம், அது ஒரு வருஷத்துக்கு மட்டும். அதனால சதவீதத்த விட்டுட்டு ‘மிச்சம் எவ்வளவு நாங்க கட்டணும்’னு மட்டும் கேளுங்க. டிவிஷன் 3ல 400க்கு மேல காலேஜ் இருக்கு, அங்க ஓட்டத்துக்குன்னு ஒரு சதம் குடுக்க மாட்டாங்க, படிப்புக்கும் வீட்டு வருமானத்துக்கும் தான், ஆனா வெளிநாட்டு புள்ளைங்களுக்கு வருமானத்த பாத்து குடுக்கிற காலேஜ் கொஞ்சம் தான். டிவிஷன் 2லயும், என்ஏஐஏன்னு வேற ஒரு ஸ்போர்ட்ஸ் அமைப்புல இருக்கிற காலேஜ்கள்லயும் ஓட்டத்துக்கும் குடுப்பாங்க, படிப்புக்கும் குடுப்பாங்க, ரெண்டையும் சேர்த்து வாங்கலாம். ரெண்டு வருஷ ஜூனியர் காலேஜும் இருக்கு, அங்க தொடங்கி மாறலாம். ஓட்டத்துக்கு குடுக்கிறது நிறைய இடத்துல வருஷா வருஷம் புதுப்பிக்கிறது, படிப்புக்கு குடுக்கிறது மார்க் விழாம இருந்தா நிக்கும், அதனால காலு உடைஞ்சாலும் நிக்கிற காசு எவ்வளவுன்னு பிரிச்சு கேளுங்க. தங்க சாப்பிட குடுக்கிற ஸ்கொலர்ஷிப்புக்கு வெளிநாட்டு புள்ளைங்க கிட்ட பொதுவா 14 சதவீதம் வரி பிடிப்பாங்க, ஹெல்த் இன்சூரன்ஸ் தனி. எஃப்-1 மாணவர் விசால படிப்பு நடக்கிற காலத்துல காலேஜுக்குள்ள கிழமைக்கு 20 மணித்தியாலம் வேலை செய்யலாம், அது கைச்செலவுக்கு தான், ஃபீஸுக்கு காணாது. இதுல ஒண்ணும் அவங்க வாயால சொல்லல, நாங்க கேட்டப்புறம் தான் வந்துச்சு.

விசாவுக்கு வேற காசு, விண்ணப்பத்துக்கு 185 டொலர், செவிஸ்னு வெளிநாட்டு மாணவர் பதிவு கட்டணம் 350 டொலர், கொழும்பு எம்பசில இன்டர்வியூ. இங்கிலீஷ் டெஸ்டுக்கு ஐஇஎல்டிஎஸ் தான் வேணும்னு இல்ல, நிறைய சின்ன காலேஜ் டுவோலிங்கோ ஒன்லைன் டெஸ்ட்ட ஏத்துக்குது, காசு குறைவு, வீட்ல இருந்தே செய்யலாம், ஆனா தோட்டத்துல லைன் நடுவுல கட் ஆகும், டவுன்ல யாராவது வீட்ல உக்காந்து செய்ங்க. ரோட் ரேஸ்ல காசு பரிசு வாங்கியிருந்தா பதிவுல மறைக்காம எழுதுங்க, பின்னால தெரிய வந்தா பெரிய சிக்கல்.

இப்ப புள்ளைக்கு ரெண்டு காலேஜ் பேசிக்கிட்டு இருக்கு, ரெண்டும் புள்ள எழுதின மெயிலால வந்தது. மிச்சம் கட்ட வேண்டிய காசு ஒண்ணுல இன்னும் அதிகமா இருக்கு, கோச் அட்மிஷன் ஆபீஸோட பேசுறேன்னு சொல்லியிருக்கார். இந்த ஏஜென்சிக்கு போறதுன்னா பேப்பர் வேலைக்கு மட்டும்னு தெளிவா சொல்லிட்டு போங்க, வீடியோ வேணாம், விலைய குறைங்கன்னு கேளுங்க, எங்களுக்கு தெரிஞ்ச இன்னொரு குடும்பத்துக்கு அப்படி குறைச்சிருக்காங்க. சனிக்கிழமை கூட்டம், கிழமை நாள்ல காலைல போனா அந்த மிஸ் இருப்பாங்க. ஏ.எல். ரிசல்ட் வரட்டும்னு பாத்துகிட்டு இருக்க வேணாம், ஓ.எல். முடிச்ச கையோட போங்க, போறப்ப ஒரிஜினல் சேர்டிஃபிகேட் எதையும் அங்க விட்டுட்டு வராதீங்க, போட்டோகொப்பி போதும்.