மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள் கவனத்துக்கு: "கை பழகோணுமுங்க" என்றால் உஷார்

கோவையில் பழைய கேமரா, லென்ஸ் வாங்கி விற்கும் கடை ஒன்றில், "பெட்டியைப் பிரிச்சது மட்டுந்தானுங்க, புதுசேதான்" என்று சொல்லி என்னிடம் 14 எம்எம் லென்ஸ் ஒன்றை விற்றார்கள். அது ஏற்கெனவே யாரோ கழற்றி, திரும்பச் சரியாக மாட்டத் தெரியாமல் மூடி வைத்த லென்ஸ். கடைப் பெயர் இங்கே வேண்டாம். பெயரை விட, அவர்கள் ஏமாற்றிய விதம்தான் தெரிய வேண்டும். அந்த விதம் ஈரோட்டிலும் நடக்கும், சேலத்திலும் நடக்கும்.

லென்ஸ், சம்யாங் 14 எம்எம் எஃப் 2.8, நிக்கான் மவுண்ட் (நிக்கான் கேமராவில் மாட்டும் வகை). ரோகினான் என்ற பெயரிலும் இதே சரக்குதான் வருகிறது. ஆட்டோஃபோகஸ் கிடையாது, வளையத்தைக் கையால்தான் திருப்ப வேண்டும். முன்கண்ணாடி வெளியே புடைத்துக்கொண்டிருக்கும். ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 115 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே பார்வை. நிக்கானோ கேனானோ போட்ட ஆட்டோஃபோகஸ் 14 எம்எம் புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தாண்டும் என்பதால் எங்களைப் போன்ற கல்யாணக் கேமராக்காரர்களுக்கு இதுதான் கைக்கு எட்டுவது. லென்ஸ் மீதோ தயாரித்தவர்கள் மீதோ எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உடுமலை நண்பர் ஒருவர் திருமூர்த்தி மலைப் பக்கம் இதே லென்ஸில் எடுத்த பால்வெளிப் படத்தைப் பார்த்துத்தான் எனக்கே ஆசை வந்தது.

எனக்கு நட்சத்திரத்தை விட முக்கியமான தேவை இணைச்சீர், கொங்குக் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கும் அவர் சகோதரிக்கும் நடக்கும் சடங்கு. எங்கள் பக்கத்துக் கல்யாணம் எடுப்பவர்களுக்குத் தெரியும்: சடங்கை நடத்தி வைக்கும் அருமைக்காரர், மாப்பிள்ளை, இணைச்சீர்க்காரியான சகோதரி மூன்று பேரையும் சுற்றி சொந்தபந்தம் அத்தனையும் நெருக்கியடித்து நிற்கும். பின்னால் நகர இடமிருக்காது. எம்எம் குறையக் குறையத்தான் பார்வை அகலும். 24 எம்எம்-இல் பாதி மாமன்மார் வெளியே போய்விடுவார்கள், அப்புறம் ஆல்பம் கொடுக்கும்போது நம்மைத்தான் பிடித்து உலுக்குவார்கள். 14 இருந்தால் எல்லோரும் உள்ளே.

சரி, கடைக்கு வருவோம். லென்ஸை என் கேமராவில் மாட்டி அவர்களே படம் எடுத்துக் காட்டினார்கள். அபெர்ச்சர், அதாவது ஒளி புகும் துளை, எஃப் 8 (எண் பெரிதானால் துளை சின்னது; எஃப் 2.8 தான் இதில் முழுத் திறப்பு). கவுண்டர், அலமாரி, வாசலில் நிற்கும் வண்டி எல்லாம் பளிச்சென்று இருந்தது. "வியூஃபைண்டர்ல பச்சைப் புள்ளி எரியுது பாருங்க, ஃபோகஸ் கரெக்ட்டுங்க" என்றார் கடைக்காரர். விலை 19,500. பேரம் இல்லை. பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்றைக் கிழித்துக் கொடுத்து, ஜிஎஸ்டி பில் வாட்ஸ்அப்பில் வரும் என்றார்கள். அந்தச் சீட்டில் 'யூவி ஃபில்டர் – 600' என்று ஒரு வரி. முன்கண்ணாடி புடைத்திருக்கும் இந்த லென்ஸில் ஃபில்டர் மாட்ட மரையே கிடையாது! சொன்னதும் சிரித்துக்கொண்டே அந்த வரியை அடித்துவிட்டார். பணம் யுபிஐ-யில் போனபோது திரையில் வந்தது கடைப் பெயர் அல்ல, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். அந்த ஸ்க்ரீன்ஷாட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். பின்னால் அதுதான் கைகொடுத்தது.

அந்த எஃப் 8 விஷயத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், மொத்த வித்தையும் அதில்தான் இருக்கிறது. 14 எம்எம் மாதிரி அகலமான லென்ஸில் எஃப் 8-க்கு மூடி, ஃபோகஸை 80 சென்டிமீட்டர் வாக்கில் வைத்துவிட்டால், ஃபுல் ஃபிரேமில் 40 சென்டிமீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரம் வரை எல்லாமே தெளிவாகத்தான் விழும். வளையத்தை அங்கே இங்கே திருப்பினாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. லென்ஸின் உள்ளே ஃபோகஸ் தள்ளிப்போயிருந்தால்கூட இந்தத் தெளிவின் ஆழம் அதை மறைத்துவிடும். பச்சைப் புள்ளியும் அப்படித்தான். இவ்வளவு அகலமான லென்ஸில் வளையத்தை எங்கெங்கோ திருப்பினாலும் அது எரிந்துகொண்டே இருக்கும், அதை நம்பி எஃப் 2.8-இல் ஃபோகஸ் வைக்க முடியாது. கடைக்குள் எஃப் 8-இல் எடுத்து, கேமராவின் சின்னத் திரையில் காட்டினால் உடைந்த லென்ஸும் நல்ல லென்ஸ்தான்.

முதல் இணைச்சீரிலேயே குட்டு வெளிப்பட்டது. மண்டபத்தில் வெளிச்சம் கம்மி, எஃப் 2.8-இல் எடுத்தேன். வலது பக்கம் நின்றவர்கள் வேட்டிக் கரை வரை தெளிவு. இடது பக்கம் நின்ற பெரியவர்களின் முகம் மீசையோடு சேர்ந்து கரைந்திருந்தது.

கடைக்குப் போனேன். கிடைத்த பதில்தான் தலைப்பில் இருப்பது. "தம்பி, மேனுவல் லென்ஸுங்க இது. கை பழகோணுமுங்க. ஆட்டோஃபோகஸ்லயே எடுத்துப் பழகிட்டு வந்தா இப்படித்தான் தெரியும்." பக்கத்தில் நின்ற இரண்டு கஸ்டமர்கள் வேறு என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆட்டோஃபோகஸ் லென்ஸில் படம் மங்கினால் லென்ஸைச் சந்தேகப்படுவோம். மேனுவல் லென்ஸில் மங்கினால் எடுத்தவன் கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். பழுதான மேனுவல் லென்ஸை விற்பவனுக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அதனால் என் கையையே சந்தேகத்துக்கு வெளியே வைத்தேன். காங்கேயம் பக்கம் எங்கள் தோட்டத்துக் களத்தில் ராத்திரி டிரைபாட் போட்டு, தூரத்தில் தெரியும் சிவன்மலை விளக்குகளைப் பார்த்துக் கேமராவை நிறுத்தினேன். எஃப் 2.8, இரண்டு வினாடி டைமர், லைவ் வியூவில் (பின்திரையில் நேரடியாகத் தெரியும் காட்சி) முழுக்கப் பெரிதாக்கி, வளையத்தை முட்டுகிற இடத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி ஒவ்வொரு நிலையிலும் ஒரு படம். நல்ல லென்ஸாக இருந்தால் ஏதாவது ஒரு நிலையில் இரண்டு ஓரத்து விளக்குகளும் புள்ளியாக வேண்டும். இதில் ஆகவே இல்லை. வளையத்தைக் கடைசிவரை திருப்பினாலும் நடுவில் இருந்த விளக்குகூட உப்பிய வட்டமாகவே நின்றது. அதாவது இன்ஃபினிட்டி (வெகுதூரப் பொருள் தெளிவாகும் நிலை), வளையம் போய் முட்டும் இடத்துக்கு அப்பால் எங்கேயோ இருக்கிறது. இடது ஓரத்தில் நிலைமை இன்னும் மோசம், விளக்குக்கு இறக்கை முளைத்திருந்தது.

அப்புறம் கேமராவைத் தலைகீழாகத் திருப்பி அதே இடத்தை எடுத்தேன். இப்போது மங்கலாக விழுந்தது எதிர்ப்பக்கத்து விளக்குகள்! காட்சியிலோ ஃபோகஸ் வைத்த கையிலோ தப்பு இருந்தால், கேமராவைத் திருப்பும்போது மங்கல் பக்கம் மாறி உட்காராது. வேறொரு லென்ஸை மாட்டி எடுத்தபோது இரண்டு பக்கமும் சுத்தம், எனவே கேமராவும் குற்றவாளி இல்லை. உள்ளே கண்ணாடி ஒன்று சாய்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

படங்களை லேப்டாப்பில் போட்டுக் கடையில் காட்டினேன். இப்போது கை பழகுகிற கதை போய், "நீங்க கீழ போட்டிருப்பீங்க" வந்தது. கடைசியில் சர்வீஸ் பண்ணித் தருவதாக வாங்கி வைத்தார்கள், வாரக்கணக்கில் இழுத்தார்கள், அதே கோளாறோடு திருப்பிக் கொடுத்தார்கள்.

ஈரோட்டில் லென்ஸ் பிரித்து வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கழற்றவே இல்லை. ஃபோகஸ் வளையத்து ரப்பரின் விளிம்பை நகத்தால் லேசாகத் தூக்கிக் காட்டினார்: ஃபெவிகுயிக் மாதிரி ஏதோ ஒன்று வெள்ளையாகக் காய்ந்து திட்டுத்திட்டாக ஒட்டியிருந்தது. இந்த லென்ஸில் இன்ஃபினிட்டி திருத்துகிற திருகுகள் அந்த ரப்பருக்கு அடியில்தான் இருக்கின்றன. தூர அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருப்பது இந்த மாடலில் சகஜம் என்பதால் பலர் வீட்டிலேயே திருத்திக்கொள்வதும் உண்டு. "எவனோ அதோட நிக்காம உள்ளயும் கை வெச்சிருக்கான் கண்ணு" என்றார். மவுண்ட் பக்கம் ஒரு திருகின் தலை ஸ்க்ரூடிரைவர் வழுக்கிச் சிதைந்திருந்தது. பெட்டியில் இருந்த சீரியல் நம்பரும் லென்ஸில் இருந்ததும் வேறு வேறு.

இதற்கப்புறம் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிந்தேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் விற்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படியே. பில்லில் கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாள் என்று சட்டம் வைத்திருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. நான் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. புகார் நம்பரையும் யுபிஐ ஸ்க்ரீன்ஷாட்டையும் அனுப்பியதும் கடைக்காரர் லென்ஸை வாங்கிக்கொண்டு 17,500 திருப்பினார். மீதி 2,000 'சர்வீஸ் சார்ஜ்' என்று பிடித்துக்கொண்டார். என்ன சர்வீஸ் என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

நீங்கள் வாங்கப் போகிறீர்கள் என்றால் கடைக்குள் எடுக்கும் படத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். வாசலுக்கு வந்து தூரத்து செல்போன் டவரையோ கட்டட விளிம்பையோ எஃப் 2.8-இல், டிரைபாடில் வைத்து, நேராக ஒன்று, தலைகீழாக ஒன்று எடுங்கள். தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம். ஈரம் அதிகமான வால்பாறை, ஊட்டிப் பக்கத்திலிருந்து வரும் லென்ஸாக இருந்தால் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பூஞ்சையும் பார்த்துவிடுங்கள். சுவர்க்கோடு அலையலையாக வளைவதை மட்டும் குறையாக எடுக்க வேண்டாம், அது இந்த லென்ஸின் பிறவிக் குணம்.

இதை இப்போது எழுதக் காரணம், போன வாரம் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அதே லென்ஸ் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது, 'நியூ கண்டிஷன், பெட்டியுடன்' என்று. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அதுவேதான். நிக்கான் மவுண்ட், மவுண்டில் ஒரு திருகின் தலை சிதைந்திருக்கும், ரப்பர் வளையத்தின் விளிம்பில் வெள்ளைப் பசைத் திட்டு இருக்கும், பெட்டி நம்பர் பொருந்தாது. கோவை, திருப்பூர் பக்கம் யாராவது 14 எம்எம் காட்டினால் முதலில் அந்தத் திருகைப் பாருங்கள்.