லேபல் கிழித்த பரல், "மருந்தடிக்காத" வைக்கல்: வாங்க முன்னம் இதை வாசியுங்கள்

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். கடந்த இரண்டு மூன்று மாதத்துக்குள் விசுவமடு, தருமபுரம் பக்கம் லொறியில் வந்தவரிடம் நீலப் பிளாஸ்ரிக் பரல் வாங்கியிருந்தால், அதில் குடிதண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தால் ஊற்றிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது. என் தக்காளி போனது போகட்டும், தண்ணீர் வேறு விசயம்.

எங்கள் வளவில் மூன்று வருடமாகத் தக்காளி தங்கவில்லை. பூக்கிற நேரம் பார்த்து, கன்று பச்சையாக இருக்கும்போதே தலை தொங்கும். இரண்டு நாளில் செத்துவிடும். ஒருமுறை அப்படி வாடிய தண்டை வெட்டி, கண்ணாடிக் கிளாசில் தண்ணீர் விட்டு அதற்குள் தொங்கவிட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் வெட்டிய இடத்திலிருந்து பால் போல ஒரு மெல்லிய இழை கீழே இறங்கியது. பக்ரீரியா வாடல். அது மண்ணிலேயே இருக்கிற நோய். ஒரு பாத்தியில் வந்துவிட்டால் தக்காளி, கத்தரி, மிளகாய் எதை வைத்தாலும் பயம்தான். போதாக்குறைக்குக் கார்த்திகை மழைக்கு எங்கள் வளவில் தண்ணீர் நிற்கும். அதனால்தான் நிலத்தைத் தொடாமல், பாதிப் பரலிலும் வைக்கல் கட்டிலும் வைத்துப் பார்க்க நினைத்தேன். முறை நல்ல முறைதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை.

ஐப்பசியில் அந்த லொறி எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. விற்றவர் நன்றாகக் கதைத்தார். "அக்கா, இது சாப்பாட்டுக் கொம்பனிப் பரல். அடியைப் பாருங்கோ, முக்கோணத்துக்குள்ள ரெண்டு எண்டு போட்டிருக்கு. சாப்பாட்டுச் சாமானுக்குத்தான் அப்பிடிப் போடுவினம்." வைக்கலைக் கேட்டதற்கு, "மருந்தே அடிக்காத வயல். மாடு தின்னுற வைக்கல் தக்காளிக்கு என்ன செய்யப்போகுது?" என்றார். பாதிப் பரல் 5,000 ரூபாப்படி ஆறு, வைக்கல் கட்டு 600 ரூபாப்படி பதினாறு. மொத்தம் 39,600 ரூபா, சீட்டெடுத்த காசு. பற்றுச்சீட்டுக் கேட்டபோது, "பிறகு கொண்டுவந்து தாறன்" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

வைக்கல் கட்டில் உடனே நட முடியாது. மூன்று நாள் நன்றாக நனைய விட்டேன். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு ஒன்றுக்கு அரைச் சுண்டு யூரியா தூவித் தண்ணீர் ஊற்றினேன், மூன்று தரம். வைக்கல் உக்கத் தொடங்கினால் உள்ளே சூடு ஏறும். ஏழாம் நாள் நடுவில் கையை விட்டேன், வைத்திருக்க முடியவில்லை. பன்னிரண்டாம் நாள் சூடு ஆறி, மேலே சின்னச் சின்னக் காளான் முளைத்திருந்தது. அதுதான் பதம். திலின வகைத் தக்காளி நாற்று ஐம்பது வாங்கியிருந்தேன். கட்டுக்கு இரண்டாக முப்பத்திரண்டு வைத்தேன். பரல்களின் அடியில் அதே வைக்கலை மிதித்துப் போட்டு, மேலே வெளியிலிருந்து எடுத்த செம்மண்ணும் மாட்டெருவும் நிரப்பிப் பன்னிரண்டு. மிஞ்சின ஆறையும் எறிய மனமில்லாமல், கிணற்றடியில் கிடந்த பெயின்ற் வாளிகளில் அதே செம்மண்ணோடு நட்டேன். அந்த ஆறும் இல்லாவிட்டால் நான் இன்றைக்கும் கைராசியைத்தான் நொந்துகொண்டிருப்பேன்.

பத்து நாள் கன்றுகள் நன்றாக நின்றன. அப்புறம் நுனி இலை விரிய மறுத்தது. ஓரம் கிண்ணம் போல மேலே குவிந்தது. அடுத்து வந்த இலை இன்னும் ஒடுங்கி, அதற்கடுத்தது பன்னத்தின் இலை மாதிரி நூல் நூலாக வந்தது. தண்டு முறுக்கிய கயிறு போலத் திரும்பி நின்றது. வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருள் என்றுதான் முதலில் நினைத்தேன். இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஓர் ஈயைக்கூடக் காணவில்லை.

எங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியர் வந்து பார்த்தார். நிறைய நேரம் எடுக்கவில்லை. "இதே நாற்றில மிஞ்சினதை எங்க வைச்சனீங்கள்?" என்று மட்டும் கேட்டார். கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆறு கன்றும் முழங்கால் உயரத்தில், இலை விரித்து, முதல் பூவோடு நின்றன. "வைரஸ் எண்டால் அங்கொண்டும் இங்கொண்டுமாத்தான் முதல்ல பிடிக்கும். இது வைக்கலைத் தொட்ட எல்லாத்தையும் பிடிச்சிருக்கு, தொடாத ஒண்டையும் பிடிக்கேல்லை. வைக்கல்ல களைநாசினி இருக்கு" என்றார். அவர் சொன்னபடி நாலு சிரட்டையில் வெட்டின வைக்கலும் மண்ணும் கலந்து, நாலு சிரட்டையில் வெறும் மண் போட்டு, பயிற்றை விதை போட்டேன். இரண்டு கிழமையில் வைக்கல் போட்ட நாலிலும் இலை சுருண்டது. வெறும் மண்ணில் ஒன்றுமில்லை.

லொறியில் உதவிக்கு வந்த பொடியனிடம் விசாரித்து, வைக்கல் வந்த வயலைக் கண்டுபிடித்தேன். வயல்காரர் ஒளிக்கவில்லை. "அவர் மாட்டுக்கெண்டு கேட்டபடியால் நான் குடுத்தனான். மருந்தடிக்கேல்லை எண்டு நான் ஆருக்கும் சொல்லேல்லையே தங்கச்சி." சிறுபோகத்தில் புல்லுக்கு அடித்த மருந்தின் வெற்றுப் போத்தலையும் எடுத்துக் காட்டினார். குயின்குளோராக். நெல்லை ஒன்றும் செய்யாமல் புல்லைச் சாகடிக்கிற மருந்து அது. தக்காளிக்கும் கத்தரிக்கும் மிகச் சிறிய அளவே போதும். வைக்கலிலும் மண்ணிலும் மாதக்கணக்கில் நிற்கும், உக்கவைத்தாலும் இலேசில் போகாது. அதனால் அந்த வைக்கலைக் கூட்டெருவாக்கிக்கூட மரக்கறிக்குப் போட முடியாது. அவரோடு கதைத்து, எல்லாவற்றையும் அவருடைய நெல் வயலுக்கே திருப்பி அனுப்பினேன்.

இனிப் பரல். மண்ணைக் கொட்டி வெறுமையாக்கிய அன்று பெரியப்பா வந்திருந்தார். அவர் இளமையில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். ஆனையிறவு உப்பிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் எடுத்த இடம் அது. ஒரு பரலைக் கழுவி, வாயைப் பொலித்தீனால் கட்டி, வெயிலில் ஒரு மணித்தியாலம் வைக்கச் சொன்னார். அவிழ்த்தவுடன் மூக்கை எரித்தது, எனக்கு இருமல் வந்துவிட்டது. வாங்கிய அன்று திறந்தபடி வைத்து மணந்தபோது ஒன்றும் தெரியவில்லை. பிறகு பரலின் பக்கத்தை விரலால் தடவிக் காட்டினார். லேபலைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை இன்னும் ஒட்டியது. சாய்சதுரம், கூர் மேலே. "ஜாமுக்கும் சர்பத்துக்கும் இப்பிடி லேபல் ஒட்டுறேல்லை பிள்ளை. இது ஆபத்தான சாமானுக்கு ஒட்டுறது." முக்கோணத்துக்குள் இருக்கும் 2 பிளாஸ்ரிக்கின் வகையைத்தான் சொல்கிறதாம். அதே பிளாஸ்ரிக்கில் உணவும் வரும், அமிலமும் வரும். முன்பு உள்ளே என்ன இருந்தது என்று அந்த இலக்கம் சொல்லாது.

விற்றவருக்குத் தொலைபேசி எடுத்தேன். வைக்கலுக்கு, "மழை கூடிப்போச்சு அக்கா, அதுதான்" என்றார். பரலுக்கு, "வேற பரல் மாத்தித் தாறன், காசு தரேலாது" என்றார். எந்தக் கொம்பனியில் எடுத்தீர்கள் என்று கேட்டதும் தொடர்பைத் துண்டித்தார். அதன் பிறகு என் இலக்கத்துக்குப் பதில் இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். ஆனால் கையில் காட்ட எனக்கு ஒரு துண்டுகூட இல்லை. நீங்கள் பற்றுச்சீட்டு இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். எழுத மாட்டேன் என்றால் வாங்காதீர்கள்.

வைக்கல் வாங்குகிறவர்கள் எந்த வயல் என்று கேட்டு, வயல்காரரிடமே போய் என்ன அடித்தார் என்று விசாரியுங்கள். முதலில் ஒரேயொரு கட்டு வாங்கிச் சிரட்டையில் விதை போட்டுப் பாருங்கள். பயிற்றையோடு நாலு தக்காளி விதையும் போடுவது நல்லது. இரண்டு மூன்று கிழமை பிந்தும், பரவாயில்லை. பரல் என்றால் லேபல் முழுதாக இருக்கவேண்டும். கிழித்திருந்தால் என்ன விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

என் ஆறு பாதிப் பரலும் கிணற்றுக்கு எட்டத்தில் கவிழ்த்துக் கிடக்கின்றன. புகை பொல்லாதது என்பதால் எரிக்கவும் இல்லை, இன்னொருவர் தலையில் கட்டவும் இல்லை. முன்வீட்டு அண்ணா அதே லொறியில் ஒரு முழுப் பரல் வாங்கி, கூரைத் தண்ணீர் பிடித்துச் சமைக்க எடுத்துக்கொண்டிருந்தார். போய்ச் சொன்னேன். அன்று பின்னேரமே ஒழுங்கையில் சரித்து ஊற்றிவிட்டார். அவருடைய பரலிலும் அதே சாய்சதுரப் பசை. எங்கள் ஒழுங்கைக்கு வந்த அன்று அந்த லொறியில் இருபதுக்கு மேல் பரல் இருந்தது.