எடை மாறும் சரக்கும் கிட்டங்கி மென்பொருளும்: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

திருநெல்வேலி பேட்டையில் இருக்கும் எங்கள் மொத்த வியாபாரக் கிட்டங்கியில் புளி, மிளகாய் வத்தல், உடன்குடிப் பக்கத்துக் கருப்பட்டி ஆகிய மூன்றும்தான் முதன்மைச் சரக்கு. மூன்றிலும் ஒரு மூட்டையைப் போல இன்னொரு மூட்டை நிற்பதில்லை. பத்து கிலோ என்று பேசி வாங்கும் கருப்பட்டி ஓலைப்பெட்டி, தராசில் ஏறினால் 9.6 கிலோவும் காட்டும், 10.4 கிலோவும் காட்டும். புளி மூட்டையோ 46 கிலோவுக்கும் 54 கிலோவுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிற்கும்.

நாங்கள் முதலில் வாங்கிய மென்பொருளில் ஒரு பெட்டிக்கு இத்தனை கிலோ என்று ஒரே ஒரு எண்ணைத்தான் பதிய முடிந்தது. பத்து என்று பதிந்தோம். ஆறு மாதத்தில் பெட்டி எண்ணிக்கை சரியாகவும் கிலோ கணக்கு தவறாகவும் நின்றது: நாற்பது பெட்டிக்கு ஏட்டில் 400 கிலோ, தராசில் 391 கிலோ. குறைந்த ஒன்பது கிலோவுக்கு விளக்கம் கேட்டது, சரக்கை இறக்கி அடுக்கிய லோடுமேனிடம். “அண்ணாச்சி, பெட்டி நான் வச்ச எடத்துலதான் இருக்கு. எடை எங்க போச்சுன்னு எங்கிட்ட கேட்டா நான் என்ன சொல்ல?” என்றார் அவர். அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. ஆண்டுக்கணக்கில் எங்களோடு உழைத்த ஒருவரைச் சந்தேகத்தோடு பார்க்க வைத்தது ஒரு பெருக்கல் கணக்குதான் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அதன் பிறகே ‘கேட்ச் வெயிட்’ என்னும் வசதியைத் தேடிப் போனோம். எஸ்ஏபி, மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 போன்ற பெரிய மென்பொருள்களில் இது இருக்கிறது. எங்கள் அளவுக்கு ஏற்ற சிறிய மென்பொருள் ஒன்றில் இதே முறையைப் பெற்றோம். இதில் ஒவ்வொரு சரக்குக்கும் எண்ணிக்கை ஒன்று, உண்மை எடை ஒன்று என இரண்டு அளவுகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். அம்பாசமுத்திரத்துக் கடைக்காரர் ஐந்து பெட்டி கேட்டால் எண்ணிக்கையை வைத்துச் சரக்கு ஒதுக்கப்படும். பில் மட்டும் அந்த ஐந்து பெட்டிகளின் உண்மை எடைக்கே விழும்.

பெட்டியில் ஒட்டும் பார்கோடிலேயே எடை இருப்பது பெரிய வசதி. பார்கோடுகளுக்கான உலகத் தர அமைப்பான ஜிஎஸ்1 முறைப்படி 3103 என்ற குறியீட்டை அடுத்து ஆறு இலக்கங்களில் நிகர எடை வரும். கடைசி 3 என்பது மூன்று தசம இடங்களைக் குறிக்கும். ஆகவே 010240 என்றால் 10.240 கிலோ. ஒரு முறை பிரிண்டரைப் பழுது பார்த்தபோது அது 3102 என்று மாறிவிட, அதே பெட்டி 102.40 கிலோ என்று கணக்கில் ஏறியது. குறைந்தபட்ச, அதிகபட்ச எடை வரம்பு இதைத் தடுத்திருக்க வேண்டும், எச்சரிக்கவும் செய்தது. ஆனால் நான் 9.8 முதல் 10.2 வரை என்று வரம்பை மிக நெருக்கமாக வைத்திருந்ததால், நாள் முழுவதும் எச்சரிக்கை வந்து வந்து, பையன்கள் அதைப் படிக்காமலே ‘ஏற்கவும்’ பொத்தானை அழுத்தப் பழகியிருந்தார்கள். பதினொரு பெட்டிகள் அப்படியே உள்ளே போய்விட்டன. தவறு என்னுடையது. மூன்று மாத எடைப் பதிவுகளைப் பார்த்து வரம்பை 9.2 முதல் 10.8 வரை விரித்த பிறகு எச்சரிக்கை எப்போதாவதுதான் வருகிறது. வந்தால் நின்று பார்க்கிறார்கள்.

தராசைக் கணினியோடு கேபிள் வழியாக இணைத்துவிடுங்கள். கையால் தட்டினால் 48.6 என்பது 46.8 ஆக எத்தனை நேரம் ஆகும்? ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே வாசலோரத் தராசின் தட்டையும் அசைக்கும். எண் நிலைத்து நிற்பதற்குள் மென்பொருள் எடையை எடுத்துக்கொண்டதால் முதல் ஆண்டு ஆடியில் பதிவுகள் தாறுமாறாக இருந்தன. தராசை உள்சுவர்ப் பக்கம் மாற்றி, நிலைத்த எடையை மட்டுமே ஏற்கும்படி அமைத்தோம். காலையில் 20 கிலோ படிக்கல்லை வைத்துச் சரிபார்ப்பதும், ஆண்டுக்கொரு முறை தொழிலாளர் துறையின் முத்திரை பெறுவதும் தனி.

இத்தனையும் செய்தாலும், உள்ளே வந்த நாளின் எடை வெளியே போகும் நாளில் இருப்பதில்லை என்பதுதான் எங்கள் சரக்கின் இயல்பு. பங்குனியில் 62 மூட்டைப் புளி 3,131.4 கிலோவாக ஏறியது. ஆடியில் அதே மூட்டைகளை நிறுத்தபோது 3,037.6 கிலோ. ஏறக்குறைய 3 சதவீதம் உலர்ந்து போயிருந்தது. கிலோ 120 ரூபாய்க்கு வாங்கிய 100 கிலோ 97 ஆகச் சுண்டினால் அடக்கவிலை 123.71 ரூபாய் ஆகிவிடும். இதைப் பாராமல் விலை சொன்னால் நட்டம் கண்ணுக்குத் தெரியாது. கருப்பட்டி இதற்கு நேர்மாறு: ஐப்பசி மழையில் ஈரத்தை இழுத்து எடை கூடும், பிறகு கசியும், ஓலையும் நனைந்து பெட்டியின் எடையும் மாறும். ஆகவே மறு எடையில் வரும் வித்தியாசத்துக்கு ‘உலர்வு’, ‘ஈரம்’, ‘சிதறல்’, ‘காரணம் தெரியாதது’ என்று நான்கு தனித் தலைப்புகள் வைத்தோம். என்னைக் கேட்டால் இந்த மென்பொருளுக்குக் கொடுத்த பணத்துக்கு இது ஒன்றே போதும். ‘காரணம் தெரியாதது’ என்ற தலைப்பில் இப்போது மிகச் சிறிய எடைதான் வருகிறது. லோடுமேன்களிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

சரியாகாத இடமும் உண்டு. ஒரு பெட்டியைப் பிரித்து ஆறு கிலோவைச் சில்லறையாகக் கொடுத்தால், மீதி நான்கு கிலோவையும் மென்பொருள் ஒரு முழுப் பெட்டியாகவே எண்ணுகிறது. பலமுறை சொல்லியும் அதைத் திருத்தித் தரவில்லை. பிரித்த பெட்டியைக் கையோடு ‘சில்லறை’ என்ற தனி இடத்துக்கு மாற்றி, மறுபடி நிறுத்து, புது லேபிள் ஒட்டுவதே எங்கள் வழக்கம். ஐப்பசி பிறப்பதற்கு முந்திய வாரம் கருப்பட்டி இருப்பு முழுவதையும், காலிப் பெட்டியைத் தனியாகவும், ஒரு முறை நிறுத்துவிடுகிறோம். அதற்கு இரண்டு பேருக்கு ஒன்றரை நாள் பிடிக்கிறது.