மாணவத் தன்னார்வலர்களுக்கு வாழ்க்கைத் திறன்: ஒரு பயிற்சிச் சேவையைப் பற்றிய மதிப்புரை

தன்னார்வத் தொண்டுக்குப் பெயர் கொடுக்கும் கல்லூரி மாணவர்களிடம் ஆர்வத்துக்குக் குறைவிருப்பதில்லை. மருத்துவமனையின் உதவி மேசைக்குக் கோபத்தோடு வரும் ஒருவரிடம் எப்படிப் பேசுவது, மாலை வகுப்புக்கு வரும் குழந்தை திடீரென்று அழத் தொடங்கினால் என்ன செய்வது, ஒரே வாரத்தில் நான்கு பொறுப்புகள் தலையில் விழுந்தால் எதை மறுப்பது என்ற இடங்களில்தான் அவர்கள் தடுமாறுகிறார்கள். இவற்றைக் கற்றுத்தருவதாகச் சொல்லும் ஒரு பயிற்சி நிறுவனம் கல்லூரிக்கே வந்து, வார இறுதியின் இரண்டு நாட்களில் நடத்தித்தரும் 'வாழ்க்கைத் திறன்' பயிற்சியைத் தன்னார்வலர் குழுவின் பொறுப்பாளர் என்ற முறையில் முழுவதும் உடனிருந்து பார்த்தேன். பாதிப் பயிற்சி மிகச் சிறப்பாகவும் மறுபாதி வீணாகவும் இருந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பதால் அதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

பயிற்சியின் அடித்தளமாக அமைந்திருப்பது உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிக் கல்விக்காக முன்வைத்த பத்துத் திறன்களின் பட்டியல். தன்னையறிதல், ஒத்துணர்வு, கூர்சிந்தனை, படைப்பாக்கச் சிந்தனை, முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், திறம்பட உரையாடுதல், உறவுகளைப் பேணுதல், மன அழுத்தத்தைக் கையாளுதல், உணர்ச்சிகளைக் கையாளுதல் என்பவை அவை. பட்டியலில் குறை காண எதுவுமில்லை. ஆனால் பத்தையும் இரண்டு நாட்களுக்குள் தொட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில், முதல் நாள் முற்பகல் முழுவதும் ஒவ்வொரு திறனுக்கும் இலக்கணம் கூறும் பவர்பாயிண்ட் பக்கங்களிலேயே கழிந்தது. ஒத்துணர்வுக்கு விளக்கம் எழுதிக்கொண்டதால் எந்த மாணவரும் அடுத்தவரின் துயரத்தைக் கூடுதலாக உணரப்போவதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதைப் பயிற்றுநர்களும் அறிந்தவர்கள்தாம் என்பது பிற்பகலில் தெரிந்தது.

பிற்பகலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, மாணவர்களைப் பாத்திரமேற்று நடிக்க வைத்தார் மூத்த பயிற்றுநர். சூழல் இதுதான்: மாலை வகுப்பு முடிந்த பின் ஒரு சிறுமி தயங்கி நின்று, "ஒரு விஷயம் சொல்லணும்க்கா, ஆனா யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க" என்கிறாள். தன்னார்வலராக நடித்த மாணவி ஒரு நொடிகூட யோசிக்காமல் சத்தியம் செய்துவிட்டார். பயிற்றுநர் அவரைத் திருத்தவில்லை. சிறுமியாக நடித்தவரிடம், அந்தச் சத்தியம் கிடைத்தபோது எப்படி இருந்தது என்று கேட்டார். பெரிய ஆறுதலாக இருந்தது என்றார் அவர். அடுத்து, சிறுமி சொல்லப்போவது அவளுடைய பாதுகாப்பைப் பற்றியதாக இருந்தால் அந்தச் சத்தியத்தை என்ன செய்வீர்கள் என்று வட்டத்தைப் பார்த்துக் கேட்டபோது, அறை சற்று நேரம் அமைதியாகி, பிறகு ஒரே நேரத்தில் பலரும் பேசத் தொடங்கினார்கள்.

அந்த விவாதத்திலிருந்தே, குழந்தைகளுடன் பணிபுரிகிற எவரும் அறிந்திருக்க வேண்டிய நடைமுறைகள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக்கூடாது. உன்னைப் பாதுகாக்கத் தேவைப்பட்டால் பொறுப்பானவரிடம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே, குழந்தைக்குப் புரியும் சொற்களில் சொல்லிவிட வேண்டும். குறுக்குக் கேள்விகள் கேட்டு விசாரணை நடத்தக்கூடாது. குழந்தை சொன்னதை அதன் சொற்களிலேயே எழுதிவைத்து, காலம் தாழ்த்தாமல் உரிய பொறுப்பாளரிடம் தெரிவிக்க வேண்டும். பின்னர் அதே மாணவி அதே காட்சியை மறுபடியும் நடித்தார். இம்முறை அவருடைய பேச்சு தடுமாறியது, சொற்கள் சரளமாக வரவில்லை. ஆனால் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இந்த ஒரு அமர்வுக்காக மட்டுமே இப்பயிற்சியைப் பரிந்துரைக்கலாம் என்று தோன்றியது.

அனுபவவழிக் கற்றலைப் பற்றி அமெரிக்கக் கல்வியியல் அறிஞர் டேவிட் கோல்ப் 1984இல் வகுத்துக் கூறிய நான்கு படிகள் இங்கே அப்படியே நிகழ்ந்தன என்று சொல்லலாம்: ஒன்றைச் செய்து பார்ப்பது, செய்ததைத் திரும்பிப் பார்ப்பது, அதிலிருந்து ஒரு பொதுக் கருத்துக்கு வருவது, அக்கருத்தை மீண்டும் செய்து சோதிப்பது. செய்து பார்ப்பது எளிது. எந்த விளையாட்டையும் நடத்திவிடலாம். அதன் பிறகு வரும் பேச்சுக்குத்தான் பொறுமையும் பயிற்சியும் நேரமும் வேண்டும்.

இரண்டாம் நாள் அந்த நேரம் கிடைக்கவில்லை. பொறுப்பேற்ற மற்றொரு பயிற்றுநர் உற்சாகமானவர். காகிதக் கோபுரம் கட்டுதல், கண்ணைக் கட்டிக்கொண்டு நடத்தல் என்று ஒன்றன்பின் ஒன்றாக விளையாட்டுகள் வந்தவண்ணம் இருந்தன, மாணவர்களும் மகிழ்ந்து சிரித்தார்கள். ஆனால் ஒவ்வொரு விளையாட்டின் இறுதியிலும், அதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியதை அவரே இரண்டு வரிகளில் சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவினார். கோபுரம் கட்டும்போது ஒரு குழுவில் இருவர் மட்டுமே வேலை செய்ய, மற்றவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தொண்டுப் பணிகளில் எப்போதும் நடக்கும் அந்தச் சிக்கலை எடுத்துப் பேசியிருந்தால் ஒரு மணி நேரம் பயனுடையதாகக் கழிந்திருக்கும்.

உளவியல் முதலுதவி, அதாவது பெரும் துயரத்தில் இருப்பவருக்கு உடனடியாகத் தரும் மனத்துணை, பற்றிய சிறு அமர்வு நன்றாகவே இருந்தது. கவனி, செவிகொடு, உதவியோடு இணைத்துவிடு என்ற மூன்று செயல்களைச் சுற்றி, உலக சுகாதார நிறுவனம் பிற அமைப்புகளுடன் சேர்ந்து 2011இல் வெளியிட்ட வழிகாட்டியின் அடிப்படையில் அதை அமைத்திருந்தார்கள்.

பாடத்திட்டத்தின் பெரிய குறை வேறு. இதில் வரும் எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் தன்னார்வலர் உதவுபவராகவே வருகிறார்; மறுப்பவராக, சோர்ந்தவராக, ஆபத்தில் இருப்பவராக ஓரிடத்திலும் வருவதில்லை. சொந்தக் கைப்பேசி எண்ணைப் பயனாளியிடம் கொடுக்கலாமா, உதவி பெறுபவரைப் படமெடுத்துப் பகிரலாமா, இரவில் தனியாகத் திரும்ப வேண்டிய பணியை ஏற்கலாமா என்பவை மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்விகள். முடிவெடுத்தலைக் கற்பிக்க இவற்றைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. மன அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார்கள். அது பயன்படும், மறுப்பதற்கில்லை. ஆனால் தாங்க முடியாத வேலையைக் கொடுத்துவிட்டு மூச்சை இழுத்துவிடச் சொல்வது முறையாகாது. ஒருங்கிணைப்பாளரிடம் சென்று "இது என்னால் முடியாது" என்று மரியாதையாகச் சொல்லவும் மாணவர்களுக்குப் பழக்கம் வேண்டும். (அதைக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் என்னைப் போன்ற பொறுப்பாளர்களுக்கும் வேண்டும்.)

கையேடு தெளிவாக அச்சிடப்பட்டிருக்கிறது; அதன் செயல்பாட்டுத் தாள்களைப் பிறகும் பயன்படுத்தலாம். சான்றிதழ் வழக்கமானது. கருத்துப் படிவத்தில் பயிற்சி பிடித்திருந்ததா, பயிற்றுநர் நன்றாகப் பேசினாரா என்பன போன்ற கேள்விகளே இருந்தன. பயிற்சிகளை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகள் பங்கேற்பாளரின் எதிர்வினை, கற்றல், நடத்தை மாற்றம், விளைவு என்பவை. இந்நிறுவனம் முதல் நிலையோடு நின்றுவிடுகிறது. ஒரு பருவம் கழித்து அதே மாணவர்கள் களத்தில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று திரும்பி வந்து பார்க்கும் ஏற்பாடே இல்லை. அமெரிக்க உளவியலாளர் கில்பர்ட் பாட்வின் பள்ளி மாணவர்களுக்காக உருவாக்கிய, பரவலாக ஆராயப்பட்ட வாழ்க்கைத் திறன் பாடத்திட்டத்தில் முதலாண்டில் 15 வகுப்புகளும், அடுத்த ஆண்டில் 10 வகுப்புகளும், மூன்றாம் ஆண்டில் 5 வகுப்புகளும் உண்டு. அது போதைப்பழக்கத் தடுப்புக்கானது, நோக்கம் வேறு. ஆயினும் திறன் நிலைக்க மறுபடியும் மறுபடியும் பயிற்சி வேண்டும் என்ற எண்ணம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

புதிதாகச் சேர்ந்த, இருபத்தைந்து பேருக்கு மேற்படாத தன்னார்வலர் குழுவுக்கு இப்பயிற்சி பொருத்தமானது. பெரிய அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களை உட்கார வைத்து நடத்த எண்ணுபவர்களுக்கு முற்பகல் பவர்பாயிண்ட் மட்டுமே மிஞ்சும். ஏற்பாடு செய்ய விரும்பும் பொறுப்பாளர்கள், எந்தப் பயிற்றுநர் வருகிறார் என்பதை முதலில் கேட்டறிய வேண்டும். பத்துத் திறன்களுக்குப் பதிலாக நான்கைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு செயல்பாட்டுக்கும் ஆகும் நேரத்தின் அளவுக்காவது கலந்துரையாடலுக்கும் ஒதுக்கும்படி வலியுறுத்த வேண்டும். தங்கள் களத்தில் உண்மையில் நடந்த சிக்கல்களைப் பெயர் நீக்கி முன்கூட்டியே எழுதி அனுப்பினால், மூத்த பயிற்றுநர் அவற்றையே காட்சிகளாக்கித் தருகிறார். இந்த வசதியை நிறுவனம் தன் விளம்பரத்தில் எங்கும் குறிப்பிடுவதில்லை, கேட்டால்தான் கிடைக்கிறது.