அடாபலீன் ஜெல்: ஒன்றரை வருடம் தடவிய பிறகு

பரு வந்தால் அதன் மேல் மருந்து வைக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். அடாபலீன் 0.1% ஜெல், பரு இன்னும் வராத இடத்துக்கும் சேர்த்துப் போடுகிற மருந்து. இது புரியவே எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அதற்கு முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கலில் சும்மா கேட்டு வாங்கிய ஒரு க்ரீம் நாலே நாளில் முகத்தைப் பளிச்சென்று ஆக்கியது. ஐந்து மாதம் விடாமல் போட்டேன். நிறுத்தியதும் கன்னமெல்லாம் சிவந்து எரிந்தது, பரு முன்பைவிட அதிகமாகக் கிளம்பியது. தோல் டாக்டர் அந்த ட்யூபைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்த ஒரு பெயரை நகத்தால் தொட்டுக் காட்டினார்: பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு! தயவுசெய்து உங்கள் வீட்டு ட்யூபையும் இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தாலும் அதே கதைதான். மாதக்கணக்கில் போட்டு வந்திருந்தால் டாக்டரிடம் காட்டித்தான் விட வேண்டும்.

கன்னம் அடங்கிய பிறகே அடாபலீன் எழுதிக் கொடுத்தார். இறந்த செல்லும் எண்ணெயும் சேர்ந்து தோல் துளையை அடைப்பதில்தான் பரு தொடங்குகிறது, நம் கண்ணில் படுவதற்கு வெகு முன்பே. அந்த அடைப்பு விழாமல் பார்த்துக்கொள்வது இந்த ஜெல்லின் வேலை. அதனால் ராத்திரி, முகம் நன்றாகக் காய்ந்த பின், முகம் முழுவதற்கும் சேர்த்தே ஒரு பட்டாணி அளவு.

மூன்றாவது வாரம் மோசம். மூக்கோரம் தோல் உரிந்தது, சாம்பார் பட்டாலே வாயோரம் எரிந்தது, புதுப் பருக்களும் வந்தன. ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் முதலில் மாய்ஸ்சரைசர் என்று மாற்றியதும் தாங்க முடிந்தது. பதினோராவது வாரம் நெற்றியைத் தடவியபோது மணல் மாதிரி நெருடும் பொடிகள் இல்லை. அன்றைக்கு அழுதேவிட்டேன்.

காலையில் 2.5% பென்சாயில் பெராக்சைடு, பருக் கிருமியைக் கொல்லும் மருந்து. நன்றாகவே கேட்கிறது, ஆனால் துணியை வெளுக்கும். என் நீலத் துண்டு முழுக்க ஆரஞ்சுத் திட்டு; வெள்ளைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள். பரு போன இடத்தின் கருப்பு மங்க எட்டு மாதம் ஆனது, அதுவும் சன்ஸ்கிரீன் விடாமல் போட்டதால். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் தயாராகிறவர்களும் அடாபலீன் போடக்கூடாது.

இப்போதும் மாதவிடாய்க்கு முந்தின வாரம் தாடையில் ஒன்றிரண்டு வரும். கிள்ளாமல் விட்டால் அடங்கிவிடுகிறது. வாரம் மூன்று ராத்திரி ஜெல் தொடர்கிறது.